உலைக்களத்தின் கதவு

கண்டி வாவிக் கரையில், தலதா மாளிகைக்கு அணித்தாக, 1882ஆம் ஆண்டில் தோன்றிய கண்டியக் கலைச் சங்கத்தின் மண்டபம் இருக்கின்றது. அங்கு நுழைவோர் பித்தளைத் தட்டங்களையும் அரக்கு வேலைப்பாடுகளையும் வியந்து நோக்கி, விலை விசாரித்து மீள்வர். நாமும் பன்முறை அவ்வாறே மீண்டுள்ளோம். ஆயின் பொருளைக் காண்பது வேறு, பொருள் பிறப்பதைக் காண்பது வேறு. நத்தரம்பொத்தைக் கலாபுரத்திலே, பட்டறை வாயிலில் நின்று தகட்டில் உளி இறங்குவதை ஒரு நாழிகை பார்த்த மாணவன், மண்டபத்தைச் சுற்றி வந்தவனிலும் மிகுதியாகக் கற்றவனாவான்.

இவ்வேற்றுமை கண்ணாடிக் கலையிற் போல வேறெதிலும் புலப்படுவதில்லை. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் உருகி, ஏறத்தாழ 1100 பாகை செல்சியசு வெப்பத்தில் தேன்போல் நெகிழ்ந்து நிற்கும் குழம்பை ஊதுகுழலின் நுனியில் அள்ளிய கணமுதல் கை ஓயாது சுழற்றவேண்டும். ஓய்ந்தால் அது சரிந்துவிடும். ஒருவர் ஊத, மற்றொருவர் உருட்ட, வேறொருவர் புதுக் குழம்பை ஏந்தி வருவர். முடிந்த கலத்தையும் ஆற்றுலையில் வைத்து மெல்லத் தணிக்காவிடின் வெடித்துப்போம். இதனை எந்நூல் கற்பிக்கும்?

வெனிசு நகரத்தார் 1291இல், தீக்கு அஞ்சிக் கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றினர். பின்னர் தொழில் மறையை வெளியே கொண்டுசெல்லாவண்ணம் வினைஞரையும் கட்டுப்படுத்தினர். இதற்கு நேர்மாறானது, அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தில் டேல் சிகூலி என்பார், ஹோபேர்க் தம்பதியரின் மரப்பண்ணையில் அவர்தம் துணையோடு 1971இல் தொடக்கிய பில்சக் கண்ணாடிக் கலாசாலை. உலகெங்குமிருந்து வினைஞர் கூடும் அக்கலாசாலை, பொதுமக்களுக்குக் கதவு திறந்துவிடும் நாளும் உண்டு. அந்நாளில் உலையின் முன் வேலை நடக்கும். பார்ப்போர் கண்முன்னே கலம் உடையவும் கூடும். உடைந்ததை மறைக்க இயலாமையே அந்நாளின் பெரும் பயன் என்பது எம் கருத்து.

மணல் எமக்குப் புதிதன்று. வல்லிபுரம், அம்பன் மணற்குன்றுகளிலும் நாத்தாண்டியாவிலும் கண்ணாடிக்கு உகந்த மணல் கிடக்கின்றது. திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தையில் பண்டைக் கண்ணாடி மணிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இருந்தும், எம் மாணவனொருவன் ஊதுகுழல் பிடிக்க விரும்பினால் அவனை எங்கே அனுப்புவது? பெற்றோரோ வைத்தியம், பொறியியல் என்பவற்றுக்கு அப்பால் ஒரு தொழிலையும் செவிமடுக்கார். பழைய மாணவராகிய நாமும் அப்பெற்றோரே அன்றோ!

ஆனந்த குமாரசுவாமி நிலவியல் அறிஞராகவே இந்நாட்டின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை பூண்டார். கல்லைத் தேடிச் சென்றவர் கல்லைச் செதுக்கும் கையையும் கண்டு, 1908இல் கண்டிய வினைஞரின் தொழில்களை விரித்துரைக்கும் பெருநூலொன்றை வெளியிட்டார். விஞ்ஞானம் அவரது கண்ணை மறைக்கவில்லை, மாறாகத் திறந்துவிட்டது.

நிற்க. சோதனைச் சித்திகளைக் குறைத்துக் கைவினையை வளர்க்கச் சொல்கின்றோமா என வினவுவோர் உளர். அல்ல. எமது இரசாயன ஆய்வுகூடத்தில் மாணவர் செய்யும் வெண்கார மணிச் சோதனை என்னை? பிளாற்றினக் கம்பியின் வளையத்தில் வெண்காரம் உருகி நிற்கும் அத்துளி கண்ணாடியே. கோபாற்று சேர்ந்தால் நீலம், குரோமியம் சேர்ந்தால் பச்சை, மங்கனீசு சேர்ந்தால் ஊதா. மாணவரோ நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு மணியைக் கழுவிவிடுகின்றனர்!

ஜூபிலி ஆண்டில் ஒரு நாள் ஆய்வுகூடக் கதவைத் திறந்து, பெற்றோரும் அயலவரும் காண, மாணவரே அம்மணிகளை உருக்கிக் காட்டட்டும். கலாபுர வினைஞர் சிலரையும் தக்க ஊதியத்தோடு அழைத்து, மேடையிலன்றி முற்றத்தில், துருத்தியும் உளியுமாக அமரச் செய்யலாம். பொன்னாடை வேண்டாம். பிளாற்றினக் கம்பி மட்டும் விலை மிக்கது. அதனைச் சங்க அன்பர்கள் வாங்கியளித்தால் எஞ்சியவற்றை ஆசிரியரும் மாணவரும் பார்த்துக்கொள்வர்.