துடுப்புப் போடும் முன் ஒரு கணக்கு

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நெல்லை மாவட்டத்தில் ஒரு கோரிக்கை தவறாமல் தலைதூக்கும்: மேற்குத் தொடர்ச்சி மலை அணைகளில் படகு சவாரி தொடங்க வேண்டும். காரையாறு அணையிலிருந்து பாணதீர்த்தம் அருவிக்கு முன்பு படகில் சென்று வந்த நினைவு இங்கே பலருக்கும் உண்டு. இப்போது சேரன்மகாதேவியில் என்னிடம் பேசும் இளைஞர்கள் விசைப்படகைக் கேட்பதில்லை. 'கயாக்' எனப்படும் சிறு துடுப்புப் படகையும், தூண்டில் போட்டு மீன் பிடிக்கும் சுற்றுலாவையும் கேட்கிறார்கள். இரைச்சல் இல்லை, எண்ணெய்க் கசிவு இல்லை, நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள்.

கோரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அதன் பின்னுள்ள கணக்கைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலை இல்லாத இயற்கைக்கு மதிப்பு காண்பது எப்படி என்று அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை கேட்டபோது, 1947-இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற பொருளியல் அறிஞர் ஒரு கடிதத்தில் வழி சொன்னார். ஓர் இடத்தைக் காண மக்கள் எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு செலவு செய்து வருகிறார்கள் என்று பாருங்கள். அதிலிருந்து அந்த இடத்தின் மதிப்பைக் கணிக்கலாம் என்றார். பயணச் செலவு முறை என்று இன்றும் வகுப்புகளில் சொல்லித்தரப்படுவது அதுதான். அழகான முறை. அதில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. பயணம் செய்யாமல் அங்கேயே வாழ்பவனின் மதிப்பீடு அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. சென்னையிலிருந்து வருபவர் செலவழிக்கும் ரூபாய் பதிவாகும். கரையிலேயே இருந்து இரவு உணவுக்கு மீன் பிடிக்கும் காணிக்காரரின் பங்கு பூஜ்யம்.

காரையாறு நீர்த்தேக்கத்தைச் சுற்றி மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற காணி குடியிருப்புகள் இருக்கின்றன. இஞ்சிக்குழியில் வாழ்ந்த நூறு வயது கடந்த மூதாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகையைக் கொடுக்க, பாபநாசம் மேலணை அஞ்சலகத்தின் ஊழியர் ஒருவர் காடும் மலையும் கடந்து சென்று வந்த செய்தியைச் சில ஆண்டுகளுக்கு முன் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். நாம் பொழுதுபோக்கக் கேட்கும் நீர்ப்பரப்பு அவர்களுக்கு வழித்தடம். அதன் மீன் அவர்களுக்கு உணவு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட விளைபொருள்கள் மீதான சமூக உரிமையை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. தூண்டில் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பிரிவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாவது, தண்ணீர். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி. கார் சாகுபடிக்கு ஜூன் முதல் நாள் அணை திறப்பது இங்குள்ள மரபு. என் ஊர் வயல்களுக்கு அந்தத் தண்ணீர் கன்னடியன் கால்வாய் வழியே வரும். விடுமுறைக் கூட்டம் வரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் அணைகளில் நீர் வெகுவாகக் குறைந்திருக்கும். மீன்கள் ஒடுங்கிக் கிடப்பதும், விலங்குகள் நீர் தேடிக் கரைக்கு வருவதும் அதே மாதங்களில்தான். படகுத் துறை அமைத்துக் குத்தகை எடுத்தவர், பணம் போட்டவர் என்ற முறையில், "இன்னும் பத்தடி தண்ணீரை நிறுத்தி வையுங்கள்" என்று கேட்கத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கார் நாற்றுக்கும் குடிநீருக்கும் காத்திருக்கும் ஆற்றில், தண்ணீருக்கு இன்னொரு பங்காளியை நாமே உருவாக்கலாமா என்பதுதான் கேள்வி.

மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாமிரபரணியின் பெயரையும் களக்காட்டின் பெயரையும் அறிவியல் பெயரிலேயே தாங்கிய மீனினங்கள் இந்த மலை ஓடைகளில் உண்டு. விரல் நீளச் சிறு மீன்கள். தூண்டில்காரரை அவை ஈர்க்காது. அவருக்குப் பெரிய மீன் வேண்டும். நீலகிரியில் ஆங்கிலேயர்கள் தூண்டில் விளையாட்டுக்காகவே டிரவுட் மீனைக் கொண்டுவந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்தார்கள். ஜிலேபி கெண்டை ஏற்கெனவே நம் குளங்களை நிறைத்துவிட்ட நிலையில், இன்னொரு வந்தேறி மீன் இந்த மலைக்கு வேண்டாம். கர்நாடகத்துக் காவிரிக் கரையில், சரணாலயப் பகுதியில் இயங்கிய தூண்டில் முகாம்கள், அங்கே மீன் பிடிப்பதும் வேட்டையே என்ற சட்ட விளக்கத்தால் நிறுத்தப்பட்டன. முகாம்கள் இருந்தபோது வெடி வைத்து மீன் பிடிப்போர் நெருங்கவில்லை என்பது தூண்டில்காரர்களின் வாதம். அதையும் எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே எனக்கு முழு மறுப்பும் இல்லை, முழு ஆதரவும் இல்லை. காரையாறும் சேர்வலாறும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பவை. அங்கே பொழுதுபோக்குப் படகு வேண்டாம். மலையடிவாரத்தில், சாலையும் கடைகளும் உள்ள மணிமுத்தாறு அணைக்கரையில் பத்துப் பதினைந்து துடுப்புப் படகுகளுடன் முயன்று பார்க்கலாம். நீர்மட்டம் ஒரு குறிப்பிட்ட அடிக்குக் கீழே இறங்கினால் படகுகளைக் கரையேற்றிவிட வேண்டும்; அந்த அடியை நீர்வளத் துறை விவசாயிகளோடு பேசி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். உயிர்காப்பு உடையில் சமரசம் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மடிந்ததை மறப்பதற்கில்லை.

அதே பெரியாறு காப்பகத்தில் நல்ல பாடம் ஒன்றும் உண்டு. காட்டில் திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்து விற்றவர்களைச் சூழல் மேம்பாட்டுக் குழுவாக்கி, அவர்களையே சுற்றுலா வழிகாட்டிகளாகவும் வனக் காவலர்களாகவும் மாற்றினார்கள். ஏலத்தில் அதிகத் தொகை கேட்ட வெளியூர்க்காரருக்குக் குத்தகை விட்டிருந்தால் இது நடந்திருக்காது. மணிமுத்தாற்றிலும் படகுகள் உள்ளூர் மீனவர்கள், காணி இளைஞர்கள் ஆகியோரின் குழுவிடமே இருக்க வேண்டும். கட்டணத்தில் எத்தனை ரூபாய் அவர்கள் கைக்குப் போகிறது என்பது நுழைவுச் சீட்டிலேயே அச்சிடப்பட வேண்டும்.

காரையாற்றில் அரசு படகு விட விரும்பினால், இஞ்சிக்குழி நோயாளியையும் பள்ளிப் பிள்ளைகளையும் நியாயவிலைக் கடை அரிசியையும் ஏற்றிச் செல்லும் படகை முதலில் நாள் தவறாமல் விடட்டும். அதற்கு ஏலம் கேட்க யாரும் வரமாட்டார்கள். அரசுதான் செலவு செய்ய வேண்டும்.