சைக்கிள் மறக்காது, எழுத்து மறக்கும்! ஏன்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ம் ஆண்டு ஓர் அதிசயம் நடந்தது.

பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள்!

"இதில் என்ன அதிசயம்?" என்று இன்று பள்ளிக்கூடம் போகும் பெண் கேட்பாள். அந்தக் காலத்தில் கிராமத்துப் பெண் சைக்கிளில் ஏறினால் தெருவே வேடிக்கை பார்க்கும். வாய்க்கு வந்தபடி கேலி பேசும். அந்தக் கேலியைக் காதில் வாங்காமல் அவர்கள் ஓட்டினார்கள்.

அப்போது அங்கே அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இயக்கம் அது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுக்க அவர் ஏற்பாடு செய்தார்.

கல் குவாரியில் பாடுபட்டவர்கள் வந்தார்கள். வயலில் கூலி வேலை செய்தவர்கள் வந்தார்கள். பெண்கள் ஓட்டும் சைக்கிள் போதவில்லை. அதனால் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். "குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், இதுதான் வசதி" என்று அதையே விரும்பியவர்களும் உண்டு!

பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் சைக்கிள் பழகிவிட்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 70 ஆயிரம் பேருக்கு மேல் பலர் முன்னிலையில் ஓட்டியும் காட்டினார்களாம்.

அவர்களில் பலர் இன்று பாட்டிகள். சைக்கிளைக் கையில் கொடுத்தால் முதலில் கொஞ்சம் தள்ளாடும். பிறகு ஓடும். ஆனால் அன்று படித்த எழுத்து? படித்ததை அப்படியே விட்டுவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். "க" தெரியும். "கொ", "கௌ" வந்தால் தடுமாறும்.

ஒரே ஆள். ஒரே மூளை. ஒன்று நிற்கிறது, இன்னொன்று நழுவுகிறது. இது ஏன்?

கண்ணாடியில் பார்த்து வரைந்தவர்

அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்று ஒருவர் இருந்தார். வலிப்பு நோய்க்காக 1953-ல் அவருடைய மூளையில் ஆபரேஷன் செய்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் புதிதாக எதுவும் ஞாபகத்தில் தங்காமல் போய்விட்டது. காலையில் பார்த்தவரைச் சற்று நேரம் கழித்து "நீங்கள் யார்?" என்று கேட்பார்.

பிரெண்டா மில்னர் என்ற மனோதத்துவ நிபுணர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கையை நேராகப் பார்க்கக் கூடாது. கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரப் படத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் நாள் கோணல் மாணல். மூன்றாம் நாள் வெகு நேர்த்தி! ஆனால் "இதை இதற்கு முன் செய்தேனா?" என்றால் அவருக்குத் தெரியாது. மனம் மறந்தது, கை மறக்கவில்லை.

சைக்கிள் இந்த ரகம். கை, கால், உடம்பு பழகிய பழக்கம் மூளையில் தனி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எளிதில் அழியாது.

எழுத்தின் கதை வேறு. இந்த வடிவத்துக்கு இந்த ஒலி என்று ஒவ்வொன்றாக நினைவில் நிறுத்த வேண்டும். தமிழில் 247 எழுத்துகள் அல்லவா! பல ஆண்டுகள் படித்தவருக்குக் கண் தானாகவே ஓடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதே நிறுத்தியவருக்கு அந்த ஓட்டம் வருவதில்லை.

மறதிக்கும் கணக்கு உண்டு

ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் மறதியை அளந்து பார்த்தார். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்தார். பிறகு, மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்குப் போட்டார். 1885-ல் புத்தகமாக வெளியிட்டார்.

ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்! அதற்குப் பிறகு மறதியின் வேகம் குறைகிறது.

அவர் இன்னொன்றும் கண்டார். ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட, நாள் விட்டு நாள் பிரித்துப் படித்தால் நன்றாகத் தங்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிப்பதைவிடத் தினம் பத்து நிமிடம் படிப்பது மேல். பரீட்சைக்கு முதல் நாள் இரவு விழித்திருக்கும் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்!

வெட்கம் என்ற திரை

இதெல்லாம் மூளையின் பாடு. மனசின் பாடு வேறு.

தன்னால் முடியும் என்று நம்புகிறவர் விடாமல் முயல்வார் என்று ஆல்பர்ட் பாண்டுரா என்ற மனோதத்துவ நிபுணர் 1977-ல் எழுதினார். அந்த நம்பிக்கை எப்படி வரும்? தானே செய்து ஜெயித்தால் வரும். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்த்தாலும் வரும். பக்கத்து வீட்டுக்காரி ஓட்டினாள்; நானும் ஓட்டினேன். புதுக்கோட்டையில் நடந்தது இதுதானே?

ஆனால் எழுத்துக்கு வீட்டில் என்ன நடக்கிறது? அம்மா பத்திரிகைத் தலைப்பை எழுத்துக் கூட்டுகிறாள். பள்ளிக்கூடம் போகும் மகன் சிரிக்கிறான். "கொடு, நான் படிக்கிறேன்" என்று பிடுங்குகிறான். மறுநாள் அம்மா பத்திரிகையைத் தொடுவதே இல்லை. ஊர் கேலி செய்தபோது அசையாதவள், பெற்ற பிள்ளை சிரித்ததும் விட்டுவிடுகிறாள்!

ரேஷன் கடைக் கருவியில் இன்று பட்டதாரியும் விரல் வைக்கிறார். அதில் வெட்கம் இல்லை. ஆனால் பாங்கியில் பணம் எடுக்கும் சீட்டை இன்னொருவரிடம் நீட்டி, "எவ்வளவு போட்டிருக்கிறாய், தம்பி?" என்று கேட்க நேர்ந்தால்? தொகை சரிதானா என்று யாரை நம்புவது?

எழுத்துக் கற்றுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று அரசாங்கம் இருக்கக் கூடாது. ஊர்ப்புற நூலகங்களில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் வேண்டும். பெண்கள் வேலை முடிந்து வரும் மாலை நேரத்தில் அவை திறந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதற்குக் காசு வேண்டாம். மளிகைச் சீட்டை அம்மா எழுதட்டும். மருந்துச் சீட்டில் தேதியை அப்பத்தா பார்க்கட்டும். அறந்தாங்கி பஸ் வந்து நிற்கும்போது, பலகையைப் பேரன் முந்திக்கொண்டு வாசிக்க வேண்டாம். அவள் "அ... ற..." என்று கூட்டி முடிக்கும் வரை கண்டக்டர் விசில் ஊத மாட்டார்.