தும்மு!

தெலுங்கில் 'தும்மு' என்றால் தூசி. தமிழில் என்ன என்று உங்களுக்கே தெரியும். 1960-ல் எங்கள் திருத்தணி சித்தூர் ஜில்லாவை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாலும், என் குதிரை லாயத்தில் இரண்டு அர்த்தமும் ஒன்றாகத்தான் குடித்தனம் நடத்தின.

மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட் வண்டி விடுவது என் தொழில். ராஜா, மந்திரி என்று இரண்டு குதிரைகள். காலையில் வைக்கோல் கட்டைப் பிரித்து உதறினால், சாயங்காலம் குளிர், ஜுரம், இருமல், மூச்சிரைப்பு. "மலேரியா" என்றாள் மனைவி. "திருஷ்டி" என்றார் மாமனார். பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். பூசணம் என்னவோ வைக்கோலில் இருந்தது!

ஊதச் சொல்லி, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இதுக்குப் பேரு ஃபார்மர்ஸ் லங். விவசாயி நுரையீரல்."

"நான் விவசாயி இல்லையே சார்!"

"நுரையீரல் பட்டா, சிட்டா எல்லாம் கேக்காதுய்யா."

ஈரத்தோடு கட்டிய வைக்கோல் உள்ளுக்குள் சூடாகிப் பூசணம் பிடிக்கும். உதறினால் அந்தப் பொடி நுரையீரலின் அடி வரை போய்விடும். உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டை போடும். நாலு மணி, எட்டு மணி நேரம் கழித்து ஜுரம் வருவதால் வைக்கோல் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. சண்டை வருஷக்கணக்கில் நீடித்தால் நுரையீரலில் தழும்பு விழும். விழுந்த தழும்பு போகாது. மாத்திரை சண்டையைத் தணிக்கும், தூசியை நிறுத்தாது.

"குதிரைங்களை வித்துடுங்க. அதான் நல்லது."

கல்யாணத்தில் பெண்ணைக் கொடுப்பது போல மனசைக் கல்லாக்கிக்கொண்டு விலை பேசினேன். பார்க்க வந்தவர், "இன்னாப்பா, ராஜா இருமுது?" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

கால்நடை டாக்டரும் வைக்கோல் தூசியைத்தான் காட்டினார். நானாவது வாயைப் பிளந்து மூச்சு வாங்குவேன். குதிரைக்கு மூக்கு ஒன்றுதான் வழி. வாயால் மூச்சு விட முடியாது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாவம், அது யாரிடம் போய்ச் சொல்லும்?

அன்றிலிருந்து பூசண வாடை அடித்தால் கட்டு திரும்பிப் போகும். நல்ல வைக்கோலும் தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறித்தான் வரும். கூடவே பச்சைப் புல், ஊறவைத்த கொள்ளு. வைக்கோல் போர் லாயத்தை விட்டு வெளியே போய்விட்டது. தண்ணீர் தெளிக்காமல் துடைப்பம் தரையைத் தொடாது. கூட்டுவது மச்சான், மாஸ்க் போட்டுக்கொண்டு. அப்போது நான் தெருமுனையில்!

டாக்டர் அரை மனசாகச் சம்மதித்தார். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊதிக் காட்டணும். குறைஞ்சா குதிரை கிடையாது." தலையாட்டியிருக்கிறேன்.

எனக்கு இன்னொரு டெஸ்ட், முருகன் கோயிலின் 365 படி. போன ஆடிக் கிருத்திகைக்கு 60-வது படியில் உட்கார்ந்தவன், இந்த ஆடிக்கு 210 வரை ஏறினேன். மீதி 155?

"ராஜா இருமலை நிறுத்திட்டான். நீங்களும் நிறுத்துங்க, அப்புறம் பாக்கலாம்" என்கிறாள் மனைவி.