தேநீர் தாழ்ந்த பானமா?

தேநீர் கூலியாட்களின் பானமாம்; காப்பியே பண்பட்ட குடும்பத்தின் அடையாளமாம்! மயிலாப்பூர் மாட வீதிகளில் இக்கருத்து வழங்குவதில் நமக்கு வியப்பில்லை. தலைமுறை தலைமுறையாக வடிகாப்பியில் ஊறிய நாக்குகள் அவை. நம்மை நோகச் செய்வது வேறொன்று. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீடு வாங்கிக் குடியேறிய நம்மவர் சிலரும் இதே பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டனர். விருந்தினர் வந்தால் காப்பி. பாத்திரம் துலக்க வரும் பெண்மணிக்குத் தேநீர். ஒரே அடுப்பு, இரண்டு மரியாதை! இவ்வழக்கத்தை எதிர்த்தே இதனை எழுதுகிறோம்.

காப்பி எவருடைய பரம்பரைச் சொத்து? 'கஹ்வா' என்பது அரபுச் சொல். பழைய அரபுக் கவிஞர்கள் மதுவுக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று அது. பின்னரே காப்பிக்கு வந்து சேர்ந்தது. யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் உறக்கம் வராதிருக்க அதனை அருந்தினர். 1511ஆம் ஆண்டு மக்காவில் கஹ்வா கூடுமா கூடாதா என்று பெரும் வழக்கே நடந்தது, தடையும் விதிக்கப்பட்டது. கெய்ரோவிலிருந்த சுல்தான் அத்தடையை முழுமையாக ஏற்கவில்லை. அரை நூற்றாண்டுக்குள் அப்துல் காதிர் அல்ஜஸீரீ அதற்கு ஆதரவாகத் தனி நூலே யாத்தார். யமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் நட்டவர் பாபா புதன் என்னும் இறைநேசர் என்பது மரபுவழிச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆக, காப்பியைக் காட்டி நம்மிடம் பெருமை பேசுவோர் நம் வீட்டுப் பழம்பொருளையே நம்மிடம் விலை கூறுகிறார்கள்! அதிலும் அப்பொடியில் சிக்கரி வேரைக் கலக்கிறார்கள். கலவைப் பொடியில் 49 விழுக்காடு வரை சட்டமே இடமளிக்கிறது. பாதிக்குப் பாதி வேரைக் குடித்துக்கொண்டு தேயிலையைப் பழிப்பது என்ன நியாயம்?

தமிழகத்தில் காப்பியும் பழையதன்று, தேநீரும் பழையதன்று. காப்பி நடுத்தர வகுப்பின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் பிரிந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். உயர்வு தாழ்வு இலையிலும் இல்லை, கொட்டையிலும் இல்லை. குடித்தவரைப் பார்த்து மனிதர் ஒட்டிய சீட்டு அது.

சிலர் தேநீரைத் 'தேன் நீர்' எனப் பிரித்து மகிழ்வர். அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுக்க வருந்துகிறோம். 'தே' என்பது சீனத்தின் ஃபூஜியன் கரையோரப் பேச்சுச் சொல், கடல்வழி வந்தது. தரைவழி சென்ற 'சா' பாரசீகத்தில் 'சாய்' ஆயிற்று. அவ்வொலி அரபியில் இல்லாமையால் அங்கு 'ஷாய்' ஆயிற்று. ஈழத்தார் 'தேத்தண்ணீர்' என்பது நமக்கு மிகப் பிடித்த வடிவம்.

தேநீரின் இன்பம் அறியாதோரே அதனைப் பழிப்பர். பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, இடைப்பட்ட ஊலாங் யாவும் ஒரே செடியின் இலைகளே. பறித்தபின் காற்றுப்பட விடும் அளவே வேற்றுமை. நம் தெருமுனைக் கடைக்கு வருவது பெரும்பாலும் இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய தூள். பாலோடும் இஞ்சியோடும் சேர்வதற்கு அதுவே தகும். மாஸ்டர் ஆற்றிக் கொடுக்கும் நுரைத்த குவளைக்கு ஈடு ஏது? ஆனால் அதே தூளைக் காலை முதல் மாலை வரை கொதிக்கவிட்டால் கசப்பன்றி வேறென்ன மிஞ்சும்? குற்றம் கொதிக்க வைத்தவருடையது. நீலகிரியின் முழு இலைத் தேயிலையை வாங்கிப் பாருங்கள். கொதிநீரை ஊற்றி மூடி, நான்கு நிமிடம் பொறுத்து வடித்தால் போதும். பால் வேண்டா, விளிம்பில் பொன்னிறம் தெரியும், மணம் முன்னே வரும். காஷ்மீரத்தார் குங்குமப்பூவும் ஏலமும் இட்டுக் கஹ்வா என்னும் பெயராலேயே பச்சைத் தேயிலையைப் பருகுகின்றனர். மொரோக்கோ நாட்டார் புதினா இட்டு உயரத்திலிருந்து சிறு கண்ணாடிக் குவளையில் வார்க்கின்றனர். அங்கே விருந்தினருக்கு முதல் உபசாரம் அதுவே. அவர்களெல்லாம் பண்பற்றவர்களா?

தேநீரைக் குறை கூறத்தான் வேண்டுமெனில் அதற்கு இடமுண்டு. அதைப் பேசுவோரையே காணோம். இலங்கையில் முதலில் காப்பித் தோட்டங்களுக்குத்தான் நம் தமிழ் மக்களைக் கொண்டு சென்றனர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழிக்க, 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் பயிரிடத் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. செடி மாறியது, முதுகில் கூடை மாறவில்லை. 1948இல் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனக் கணக்கெழுதிற்று. அவ்வாறு திரும்பியோருக்கு வேலை தரவே 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது; அதுவே பின்னர் 'டான்டீ' நிறுவனமாயிற்று. அத்தோட்டத் தொழிலாளரின் கூலியும் குடியிருப்பும் பற்றி ஒரு சொல் கேட்காதவர், அவ்விலையை அவர்கள் இனத்தவரே குடிக்கிறார்கள் என்பதற்காக இழிவென்கிறார். இது என்ன தராசு?

இனி வலீமா விருந்துகளைப் பற்றி. தியாகராய நகர் மண்டபங்களில் பிரியாணிக்குப் பின் பாலும் சர்க்கரையுமாகக் காப்பி வழங்குவது இப்போது நாகரிகமாம். நெய்யின்மேல் பால்! மலபாரில் அவ்வேளைக்கு எலுமிச்சை பிழிந்த சுலைமானி தருவர். பாலில்லை, செலவில்லை, வயிறும் இலேசாகும். அடுத்த விருந்துக்கு உணவுப்பட்டியல் எழுதும் அன்பர்கள் காப்பியை அடித்துவிட்டு அதனை எழுதட்டும். சமையற்காரருக்கும் பந்தி பரிமாறுவோருக்கும் அதே குவளையில், அதே தேநீரையே கொடுக்கட்டும்.