பேராசிரியர் தேர்தலில் நிற்கலாமா? விதி என்ன சொல்லுது?

பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி தினமும் பாடம் நடத்தப் போகும் அரசுக் கல்லூரி ஆசிரியர், தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால்? முதலில் வேலையை விடணும். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், கட்சியில் சேரவே அனுமதிப்பதில்லை. ஆதாயம் தரும் அரசுப் பதவியில் இருப்பவர் எம்.எல்.ஏ. ஆக முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 191வது பிரிவு.

தோத்துட்டா? பழைய வேலை திரும்பக் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

அரசுக் கல்லூரிக்கு வெளியே பார்த்தால்? பச்சையப்பன் கல்லூரியில் 1944 முதல் 1957 வரை தமிழ் கற்பித்தவர் க.அன்பழகன். 1957ல் எழும்பூரில் ஜெயித்தார்; பிறகு இருமுறை கல்வி அமைச்சர். ‘பேராசிரியர்’ பட்டம் கடைசிவரை கூடவே வந்தது, வகுப்பறை வரவில்லை.

டெல்லியில் கதை வேறு. டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்துகொண்டே 2018ல் மாநிலங்களவைக்குப் போனார் மனோஜ் ஜா. தனிச் சட்டத்தில் இயங்கும் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் அரசு ஊழியராகக் கருதப்படுவதில்லை.

மார்க் போடும் கையில் கட்சிக்கொடி இருக்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனா, வீட்டுக் கடன் கட்டும் ஆசிரியர் வேலையைப் பணயம் வைப்பாரா? தேர்தலுக்கு விடுப்பு, தோத்தால் திரும்பி வர உரிமை என்று ஒரு வழி இருந்தால், வகுப்பறையை அறிந்தவர்கள் சட்டமன்றத்துக்கு வரலாம்.