இல்லறப் பக்கம்: ஆசிரியத் தொழிலை விட்டு வீட்டு அலங்காரமா?



இம்முறை வேறொரு பொருளைப் பற்றி எழுதக் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தேன். நமது மூத்த அங்கத்தவர் ஒருவர் அதை மாற்றிவிட்டார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துடன் நின்ற என்னை மண்டபத்தின் ஒரு மூலைக்கு அழைத்துச் சென்று அவர் சொன்னது இது:

"தம்பி, என்ர மகளுக்கு நீர் ஒருக்கால் புத்தி சொல்லவேணும். பதினாறு வருசம் கணக்குப் படிப்பிச்சவள். இப்ப அதை விட்டிட்டு, ஆக்களின்ர வீடுகளுக்குத் திரைச்சீலை தெரிஞ்சு குடுக்கப் போறாளாம்."

அவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய தகப்பனாரும் ஆசிரியர். இலண்டனுக்கு வந்து பல ஆண்டுகள் ஆனபின்னும் கோயிலில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைக்கிறோம். மகள் இங்குள்ள ஓர் உயர்தரப் பாடசாலையில் கணித ஆசிரியையாகச் சேர்ந்த நாளில் அவர் கோயிலில் அபிடேகம் செய்வித்ததை நம்மிற் பலர் அறிவோம். தந்தை, மகள் இருவரும் பெயர் குறிப்பிடாமல் எழுத இணங்கியபடியால் இதை எழுதுகிறேன். இந்தக் கேள்வி இன்று பல வீடுகளில் எழுந்துள்ளது என்பதும் ஒரு காரணம்.

உள்ளதைச் சொன்னால், அன்று நானும் மாஸ்டர் பக்கந்தான். மாதச் சம்பளம், கோடை விடுமுறை, ஓய்வூதியம், சமூகத்தில் மதிப்பு ஆகிய நான்கையும் உதறிவிட்டு நாற்பது வயதுக்கு மேல் புதுத்தொழில் எதற்கு என்றே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த எண்ணத்துடனேயே அவர் மகள் வீட்டுக்குப் போனேன்.

"வாங்கோ அங்கிள், அப்பா அனுப்பினவரோ?" என்று சிரித்துக்கொண்டே தேநீர் வைத்தார். பிறகு மேசைமேல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். ஒரு வீட்டின் கீழ்த்தளம். ஒவ்வொரு சுவரும் மில்லிமீற்றர்க் கணக்கில் அளந்து வரையப்பட்டிருந்தது. திரைச்சீலை எங்குமில்லை.

"எங்கட ஆக்கள் முக்கால்வாசிப் பேர் கேக்கிறது ஒண்டுதான், அங்கிள். குசினிச் சுவரை உடைச்சுப் பெரிசாக்கித் தாங்கோ எண்டுதான். ஆனால் அந்தச் சுவர் மேல்மாடியைத் தாங்குதோ எண்டு ஆரும் கேக்கிறேல்லை."

அவர் விளக்கியதை அங்கத்தவர்களின் நன்மைக்காக இங்கே தருகிறேன். இந்நாட்டின் பழைய தொடர்வீடுகளில் உட்சுவர் ஒன்று மேல்தளத்து மரச்சட்டங்களைத் தாங்கி நிற்பது சாதாரணம். அதை அகற்றுவதானால் கட்டமைப்புப் பொறியியலாளர் கணக்குப் பார்த்து, உருக்கு வளை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். கட்டடக் கட்டுப்பாட்டுப் பகுதியினரின் அங்கீகாரமும் பெறவேண்டும். அந்த வளையின் முனையை அயலவருடன் பொதுவாக உள்ள சுவரில் பொருத்துவதானால், 1996 ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அயலவருக்கு 2 மாதம் முன்பாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். இவை எதுவுமின்றிச் சுவரை உடைத்தவர்கள், வீட்டை விற்கப் போகும் நாளில் வழக்கறிஞர் பத்திரம் கேட்கும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது தாளிதம். கடுகு வெடித்து மிளகாய் வறுபடும் நமது குசினிக்குக் காற்றை வெளியே தள்ளும் விசிறி அத்தியாவசியம். இங்கிலாந்தின் கட்டட விதிகளின்படி புதிதாகப் பொருத்தும் விசிறி, அடுப்புக்கு மேலே இருந்தால் விநாடிக்கு 30 லீற்றர் காற்றையாவது வெளியேற்ற வேண்டும். வேறிடத்தில் இருந்தால் 60 லீற்றர். கரி வடிகட்டியூடாகக் காற்றை மீண்டும் அறைக்குள்ளேயே விடும் வகை, மணத்தைச் சற்றுக் குறைக்குமேயன்றி ஈரத்தை வெளியேற்றாது. யன்னல் ஓரத்தில் கரும்பூஞ்சணம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊரிலிருந்து கப்பலில் சோபா இறக்குவித்து விற்பவர்களும் கவனிக்கவேண்டிய சட்டம் ஒன்றுண்டு. 1988 ஆம் ஆண்டின் தளபாடத் தீப்பாதுகாப்பு விதிகளுக்கு அமையாத மெத்தைக் கதிரைகளை இந்நாட்டில் விற்க முடியாது. வீட்டுக்காரருக்குத் தளபாடம் வாங்கிக் கொடுக்கும் வடிவமைப்பாளர் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின், திரைச்சீலை என்ற சொல்லை மனத்துக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஆனால் வந்த காரியத்தை விடவில்லை. "அது சரி பிள்ளை, பென்சன் என்னாகும்?" என்றேன்.

கணித ஆசிரியை அல்லவா? அதற்கும் ஒரு தாள் தயாராக இருந்தது.

இங்கிலாந்தில் ஆசிரியர் ஓய்வூதியத் திட்டம் இன்று எஞ்சியிருக்கும் நல்ல திட்டங்களில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அவ்வாண்டுச் சம்பளத்தில் 57 இல் ஒரு பங்கு ஓய்வூதியமாகச் சேருகிறது. 2024 ஏப்ரல் தொடக்கம் பாடசாலை செலுத்தும் பங்கு சம்பளத்தில் 28 வீதத்துக்கும் மேல். வேலையை விட்டால் இதுவரை சேர்ந்தது அழிந்துவிடாது. அது விலைவாசி உயர்வுக்கேற்ப ஏறிக்கொண்டு, ஓய்வு வயதுவரை காத்திருக்கும். ஆனால் பணியில் இருப்பவருக்கு அதற்குமேல் ஆண்டுதோறும் கிடைக்கும் 1.6 வீத ஏற்றம் நின்றுவிடும். பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும், முழுநேரச் சம்பளத்தின் 3 மடங்கு தொகையும் இல்லாது போகும். நோய்க்காலச் சம்பளமும் இராது. ஆகவே விலகுபவர் தனியே ஆயுட்காப்புறுதியும் ஓய்வூதியச் சேமிப்பும் செய்யவேண்டும். இதைக் கணக்கிற் சேர்க்காமல், வாடிக்கையாளர் தரும் பணம் முழுவதும் வருமானம் என்று எண்ணுவதே புதிதாகத் தொழில் தொடங்குவோர் விடும் முதற்பிழை.

திரும்பி வரும் கதவு மூடப்படுவதில்லை என்பதும் அத்தாளில் இருந்தது. ஒருமுறை பெற்ற ஆசிரியத் தகைமை காலாவதியாவதில்லை. வேண்டுமானால் பதில் ஆசிரியராகச் சில நாட்கள் படிப்பிக்கலாம். விலகும் நாளுக்கும் ஒரு முறையுண்டு. வழமையான ஒப்பந்தத்தில் உள்ள ஆசிரியர் ஆகஸ்ட் 31 இல் விலக விரும்பினால் மே 31 க்குள் கடிதம் கொடுக்கவேண்டும். டிசம்பர் 31 எனில் அக்டோபர் 31. ஏப்ரல் 30 எனில் பெப்ரவரி 28. கோபத்தில் ஜூன் மாதம் கடிதம் எழுதுபவர் அடுத்த தவணையும் படிப்பிக்க நேரிடும்.

இந்தப் பிள்ளை கோபத்தில் எழுதவில்லை. 2 ஆண்டுகள் மாலை வகுப்பில் உள்ளக வடிவமைப்புப் படித்து முடித்திருக்கிறார். சென்ற செப்டெம்பர் முதல் பாடசாலையில் வாரம் 3 நாட்களே வேலை. மீதி நாட்களில் மூன்று வீடுகளை முடித்துக் கொடுத்திருக்கிறார். 12 மாத வீட்டுச் செலவுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார். 2 ஆண்டுகளில் தொழில் குடும்பத்தைத் தாங்காவிட்டால் பாடசாலைக்குத் திரும்புவதென்று கணவருடன் பேசி முடிவெடுத்திருக்கிறார்.

"பிள்ளையளிலை எனக்கு வெறுப்பில்லை, அங்கிள். இரவு பதினொரு மணிவரை கொப்பி திருத்தினாப் பிறகும் வரைய உக்கார்ந்தால் நித்திரை வாறேல்லை. மூண்டு வருசம் இப்பிடிப் போகுது. அதுக்குப் பிறகுதான் அப்பாவுக்குச் சொன்னனான்."

இனி, இத்தொழிலுக்குப் போக விரும்பும் நமது இளையோர் அறியவேண்டியது ஒன்று. இந்நாட்டில் கட்டடக் கலைஞர் என்ற பெயர் 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பதிவுபெறாதவர் அப்பெயரில் தொழில் செய்ய முடியாது. உள்ளக வடிவமைப்பாளர் என்பதற்கு அத்தகைய காவல் இல்லை. இன்று காலை யாரும் அட்டை அச்சடித்துத் தொழில் தொடங்கலாம். அதனாலேயே நல்லவருக்கும் அரைகுறைக்கும் வேறுபாடு தெரியாமல் வாடிக்கையாளர் தடுமாறுகிறார். முறையான படிப்பு, தொழிற்பொறுப்புக் காப்புறுதி, எழுத்தில் ஒப்பந்தம் ஆகிய மூன்றும் உள்ளவரையே நாட வேண்டும். கடைகள் வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் கழிவு யாருக்குச் சேரும் என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொழில் செய்பவருக்கும் பொறுப்புண்டு. 2015 ஆம் ஆண்டின் கட்டுமானப் பாதுகாப்பு விதிகளின்படி, வடிவமைப்பைத் தொழிலாகச் செய்யும் எவரும், அது ஒரு சிறு வீட்டின் வேலையானாலும், தம் வடிவமைப்பால் வேலையாட்களுக்கோ குடியிருப்போருக்கோ தீங்கு வராமல் சிந்தித்துச் செய்யக் கடமைப்பட்டவர். வருமானம் ஆண்டுக்கு 1,000 பவுணைத் தாண்டினால் வரிப் பகுதியில் பதியவேண்டும். வரவு 12 மாதத்தில் 90,000 பவுணைத் தாண்டினால் பெறுமதிசேர் வரிக்கும் பதியவேண்டும்.

இந்த வயதில் தொழில் மாறலாமா என்பவர்களுக்கு நமது தாயகத்து உதாரணம் ஒன்று உண்டு. 1919 இல் கொழும்பில் பிறந்த ஜெஃப்ரி பாவா கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படித்து, பின்னர் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். பெந்தோட்டைக்கு அருகே ஒரு தோட்டத்தை வாங்கி அதைத் தம் விருப்பப்படி அமைக்க முயன்றபோதே தமக்கு அந்த அறிவு போதாது என்று கண்டார். இலண்டனுக்கு வந்து கட்டடக் கலை படித்து 1957 இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. 1982 இல் திறக்கப்பட்ட கோட்டை நாடாளுமன்றக் கட்டடம் அவர் அமைத்தது. நம் நாற்சார் வீடுகளில் உள்ளது போன்ற முற்றமும் தாழ்வாரமும் அவர் கட்டிய வீடுகளில் உலகப் புகழ் பெற்றன. பாவாவுக்குக் குடும்பச் செல்வம் இருந்தது, நமக்கு வீட்டுக்கடன் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அதனாலேதான் மேலே இவ்வளவு கணக்கு எழுதினேன்.

திரும்பும் வழியில், அவர் முடித்த வீடுகளில் ஒன்றை எனக்குக் காட்டினார். அங்கே எண்பது வயது தாண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். சுவாமியறை மேல்மாடிச் சிற்றறையில் இருந்தது. முழங்கால் வாதத்தால் அவரால் படியேற முடியாமற் போய், ஒரு வருடமாக மகன்தான் விளக்கேற்றி வந்தாராம். இப்போது கீழே முன்னறையில், பழைய கணப்புக்குப் பக்கத்தில் இருந்த சுவர்க்குழியில், கிழக்கு நோக்கிய சிறு சுவாமி மாடம். கதிரையில் இருந்தபடியே கை எட்டும் உயரம். விளக்கு வைக்கக் கருங்கல் பலகை. மேலே சுடர் தீண்டாதபடி தாராளமான இடைவெளி. திரைச்சீலை இல்லை, மரக்கதவுதான். பூ வைக்கவும் திருநீறு வைக்கவும் இழுப்பறை.

அந்த அம்மா என்னிடம் வடிவமைப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "இப்ப நானே விளக்குக் கொளுத்திறன், தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஓய்வூதியக் கணக்கைக் கவனமாகக் கேட்டார். ஒரு இடத்தில் என்னைத் திருத்தவும் செய்தார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. "கணக்கு சரி, தம்பி. ஆனால் அப்பர், நான், மகள் எண்டு மூண்டு தலைமுறை. இது அவளோட முடியுது" என்றார்.

வீட்டுக்காரருக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்வதும் படிப்பிப்பதுதானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "அது வேற, இது வேற" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அவர் சொன்னது சரியென்றே இப்போது நினைக்கிறேன். ஒரு நல்ல ஆசிரியை போவது வகுப்பறைக்கு இழப்புத்தான். அந்த இழப்பை மறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால் அதைச் சுமக்கும்படி ஒரு பிள்ளையை மட்டும் வற்புறுத்தவும் நமக்கு உரிமையில்லை.

முடிக்குமுன் நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை முடித்த மூன்று வீடுகளில் ஒன்றுக்கு இன்றுவரை பணம் வரவில்லை. "எங்கட ஆக்கள்தானே, ஒரு உதவியாச் செய்யக்கூடாதோ?" என்று கேட்டாராம் வீட்டுக்காரர். அதே வீட்டில் குழாய் பொருத்திய வெள்ளைக்காரருக்கு அன்றே பணம் கொடுக்கப்பட்டது. புதுத்தொழிலில் இறங்கும் நமது பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் திறமைக் குறைவால் என்று நாம் நினைக்கிறோம். நமது இந்தப் பழக்கமும் அதற்கு ஒரு காரணம் அல்லவா?

கோயிலுக்குச் செய்வது கைங்கரியம். நமது வீட்டுக்குச் செய்விப்பது வேலை. இரண்டையும் ஒன்றாக்கி, வேலை செய்தவரை வெறுங்கையுடன் அனுப்புவது தர்மம் ஆகாது. நமது சங்க மண்டபத்துக் குசினியைத் திருத்துவது பற்றிச் செயற்குழுவில் பேச்சு நடக்கிறது. வரைபடத்தை "சும்மா போட்டுத் தருவா" என்று ஒருவர் சொன்னபோது, அவர் விரும்பிச் செய்தால் அது கைங்கரியம், நாம் கேட்டால் கட்டணத்தையும் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அங்கத்தவர்களும் சிந்திக்கவும்.

மே 31 க்கு இன்னும் சில வாரங்கள் உள்ளன. கடிதம் எழுதப்பட்டுவிட்டது, இன்னும் கொடுக்கப்படவில்லை. தந்தையின் வாயால் ஒரு நல்ல வார்த்தை வரட்டும் என்று அந்தப் பிள்ளை காத்திருக்கிறார். மாஸ்டர் இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர் என்பது எனக்குத் தெரியும்.

எல்லாம் வல்ல இறைவன் இருவருக்கும் நல்வழி காட்டுவானாக.