நாணயத்தின் மேல் ஐயம்

அச்சம் பிடித்தவன் கண்ணுக்குத் தன் மடியிலுள்ள காசும் பகைவனாகத் தோன்றும். இது உலகின் முதல் வல்லரசின் வரலாற்றிலேயே நிகழ்ந்த உண்மையாகும்.

2004 ஆம் ஆண்டில், போரில் மாண்ட தன் 117,000 வீரரின் நினைவாகக் கனடா நாடு 25 சத நாணயமொன்றை வெளியிட்டது. அதன் நடுவே சிவப்பு நிறத்தில் ஒரு பொப்பி மலர் பதிக்கப்பட்டிருந்தது. நிறம் அழியாதிருக்க அதன்மேல் காப்புப் பூச்சொன்றும் பூசப்பட்டது. கனடா சென்று திரும்பிய அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தகாரர் சிலர் இந்நாணயத்தைத் தம் சட்டைப்பையிலும் வாடகைக் காரிலும் கண்டு திகைத்தனர். பூச்சு நுண்கருவியாயிற்று, மலர் மர்மமாயிற்று. நாணயத்துள் வானொலி அலை பரப்பும் கருவி உளது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பிரிவொன்று எச்சரிக்கையே விடுத்தது. 2007 ஜனவரியில் அச்செய்தி உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு மே மாதத்தில் உண்மை வெளியாயிற்று. ஏறத்தாழ 3 கோடி அச்சிடப்பட்டு, எந்தக் கடையிலும் மீதிக் காசாகக் கிடைத்த நாணயமே அது!

காசினுள் ஒற்று வேலை நடந்ததே இல்லையோ எனின், நடந்ததுண்டு. 1953 இல் நியூயோர்க் நகரின் புரூக்ளினில் பத்திரிகை விற்ற சிறுவன் ஒருவன் கைதவறவிட்ட 5 சத நாணயம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே எண்கள் நிறைந்த நுண்படம் ஒன்று இருந்தது. நான்கு ஆண்டுகள் எவராலும் அவ்வெண்களின் பொருளை அறிய முடியவில்லை. 1957 இல் சோவியத் ஒற்றன் ஒருவன் அமெரிக்கர் பக்கம் வந்த பின்னரே மறை விடுபட்டது. ருடோல்ப் ஏபெல் பிடிபட்டான். ஆனால் அந்த நாணயம் செய்தியை வைத்திருந்த சிறு பெட்டியே. எவரையும் பின்தொடர்ந்த கருவியன்று.

காசை வைத்து ஒருவனைத் தொடர்வது அறிவுக்கு ஒவ்வுமா? உலோகம் வானொலி அலையைத் தடுக்கும். தொலைவுக்கு அலை அனுப்ப மின்கலம் வேண்டும். மெல்லிய காசில் அதற்கு இடம் ஏது? மின்கலமில்லாத சில்லோ தன்னருகே கருவியைக் கொண்டுவந்தாலன்றிப் பேசாது. இவை யாவும் போகட்டும். காலையில் கண்டிச் சந்தையில் மரக்கறிக்காரரிடம் கொடுத்த காசு, மாலையில் பேருந்து நடத்துநரின் பையில் கிடக்கும். ஒருவரிடமும் தங்காத பொருளைக் கொண்டு ஒருவரை வேவு பார்ப்பார் உளரோ?

ஆயினும் அறிவுக்கு ஒவ்வாதது நம்பப்படாமற் போவதில்லை. 2016 நவம்பரில் இந்தியாவில் 2000 ரூபாய்த் தாள் வெளிவந்தபோது, நிலத்தின் கீழ் 120 மீற்றர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோளுக்குக் காட்டிக்கொடுக்கும் சில்லு அதில் உண்டு என்ற கதை தொலைக்காட்சியிலேயே ஒலித்தது. அந்நாட்டு ரிசர்வ் வங்கி மறுக்க நேர்ந்தது.

நகைத்துவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் நம் மாவட்டத்தில் இத்தகைய நம்பிக்கை நகைப்போடு முடியவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கூறி முஸ்லிம் உணவகமொன்று தாக்கப்பட்டது. கண்டெடுத்த பொருள் வெறும் மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். வதந்தி மூட்டிய நஞ்சு காற்றில் நிற்க, வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்டவரின் மரணத்தையடுத்து, மார்ச் மாதத்தில் திகனையும் தெல்தெனியாவும் எரிந்தன. மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 2019 மே மாதத்தில் ஹசலகையில் ஒரு பெண், தன் உடையிலிருந்த கப்பற் சக்கரம் தர்மச்சக்கரமெனக் கொள்ளப்பட்டதால், இரண்டு வாரங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். கனடாவில் மலரைக் கருவியாகக் கண்ட அதே கண்தான் இங்கே சுக்கானைச் சக்கரமாகக் கண்டது. அங்கே ஓர் அறிக்கை நாணிற்று. இங்கே ஓர் ஏழை சிறை சென்றார்.

மலையகத் தமிழர் இதனை நன்கறிவர். இம்மண்ணில் உழைத்தும், அன்னியர் என்ற ஐயத்தின் பேரில் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர் அவர்கள். 1979 இல் தற்காலிகமென வந்து 1982 இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஐயம் ஒன்றே விசாரணையின்றி நெடுநாள் அடைத்து வைக்கப் போதியதாயிற்று. ஐயப்படுபவன் வலியவனாயின், அதன் விலையை எளியவனே செலுத்துகிறான்.

ஹந்தானை மலையை ஒருகால் நிமிர்ந்து நோக்குக. சரிவிலே தேயிலை, அடிவாரத்திலே பேராதனைப் பல்கலைக்கழகம், உயரத்திலே தொலைத்தொடர்புக் கோபுரங்கள். நாம் செல்லுமிடத்தை அறிய விரும்புவோர்க்குக் காசு வேண்டியதில்லை. நாமே விலை கொடுத்து வாங்கிய கைத்தொலைபேசி அக்கோபுரங்களோடு இராப்பகலாய்ப் பேசிக்கொண்டிருக்கிறது. இஸ்ரேலிய நிறுவனமொன்றின் பெகாசஸ் என்னும் மென்பொருள் பல நாடுகளில் பத்திரிகையாளரின் தொலைபேசிகளுள் புகுந்தமை 2021 இல் அம்பலமாயிற்று. இல்லாத ஒற்றனைக் காசில் தேடுவோர், உள்ள ஒற்றனைக் காதோடு அணைத்துத் திரிகின்றனர்.

ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஒற்றன் தந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க என்றார்; ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால் மட்டும் தெளிக என்றார். அரசனுக்கு அவர் விதித்த இக்கட்டுப்பாடு இன்றைய காவல் நிலையத்துக்கு வேண்டாமோ?

ஆதலின் நாம் கேட்பன மூன்று. ஒரு பொருளின்மேல் எழுந்த ஐயத்தால் எவரையும் கைது செய்யுமுன் அப்பொருளைத் துறையறிந்தார் பார்வையிடல் வேண்டும். பகுப்பாய்வின் முடிவு, வதந்தி ஓடும் வேகத்திலேயே மும்மொழியிலும் மக்களை அடைதல் வேண்டும். தனிநபர் தரவுகளைக் காக்க வந்த 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் ஏட்டில் நில்லாது, அரசையும் கட்டுப்படுத்தி நிற்றல் வேண்டும்.

கற்றோர்க்கும் உழவர்க்கும் ஒரு சொல். கொழுந்தை நிறுத்துப் பார்க்காமல் நாம் கணக்கெழுத விடுவதில்லை. விதையைத் தெரிந்தெடுக்காமல் விதைப்பதில்லை. கேட்ட செய்தியை மட்டும் ஏன் நிறுக்காமல் அடுத்தவர் கையில் கொடுக்கிறோம்? தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்பதே பெயர். முன்னதில் ஒற்றனைத் தேடிப் பின்னதை இழந்துவிடாதிருப்போமாக.